எண் குறைந்தது! மாத்திரை எதற்கு?

"கொழுப்பு இறங்கிவிட்டது, தோழரே! 160 இருந்தது, 78 ஆகிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன்!"

பெருமிதத்தோடு இப்படிப் பேசுவோர் பெருங்களத்தூரில் உண்டு, பல்லாவரத்தில் உண்டு, சேலையூரில் உண்டு, முடிச்சூரில் உண்டு. காலை நேரத்து மின்சார இரயிலில், நிற்கவும் இடமில்லாத நெரிசலிலே, இரத்தப் பரிசோதனைத் தாளைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "பாருங்கள், பாருங்கள்!" என்று பூரிப்போரும் உண்டு. கோட்டையைப் பிடித்துவிட்டோம், கொடியை ஏற்றிவிட்டோம், இனிப் படை எதற்கு, பாசறை எதற்கு என்று கேட்கும் தளபதியின் மிடுக்கு அவர்கள் முகத்திலே!

கேள்வி நியாயமானதாகத்தான் தோன்றுகிறது. காய்ச்சல் நின்றால் கஷாயத்தை நிறுத்துகிறோம். தலைவலி போனால் தைலப் புட்டியை மூடி வைக்கிறோம். எண் குறைந்த பிறகு மாத்திரை எதற்கு?

எதற்கு என்பதற்கு விடை தேடி இலண்டனுக்குப் போகவேண்டாம், அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். தாம்பரத்திலேயே தொடங்கலாம். ஏனெனில், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு?" என்ற இதே கேள்வி இந்த மண்ணில் இதற்கு முன்பும் கேட்கப்பட்டிருக்கிறது. ஒரு முறையல்ல, இரு முறை!

'தாம்பரம் சானடோரியம்' என்று ஓர் இரயில் நிலையம். நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், கடைக்குப் போகும் சிப்பந்திகள்! சானடோரியம் என்றால் என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் அவர்களிலே எத்தனை பேர்? அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தின் கண்ணீர் உறைந்து கிடக்கிறது. 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கே காசநோய் நிலையம் கண்டார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அப்போது காசத்துக்கு மருந்து கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, பால், முட்டை, இவைதாம் மருத்துவம்.

ஓய்வு! ஏழைக்கு எங்கே ஓய்வு? அவன் படுத்தால் அடுப்பல்லவா அணைந்துவிடும்! பால் குடி என்பார் மருத்துவர். கஞ்சிக்கே வழியில்லையே என்பாள் மனைவி. காற்றோட்டமான அறையில் தனித்திரு என்பார். ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்குகிறோமே ஐயா என்பார் முதிய தந்தை. மாளிகைவாசிக்கென்று எழுதப்பட்ட மருத்துவச் சீட்டு மண்குடிசையில் என்ன செய்யும்?

பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கை கோத்து நடத்திய நிலையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்னின்றார். ஏழைகளான 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சானடோரியம். கட்டில், உணவு, ஓய்வு, தாதியர் எல்லாம் உண்டு. மறு பாதிப் பேருக்கு வீடு. அதே நெரிசல், அதே அரைவயிற்று உணவு, அதே உழைப்பு. இரு சாராருக்கும் மருந்து மட்டும் ஒன்று. ஓராண்டு கழித்து, 1959இல் முடிவு வெளியாயிற்று. உலக மருத்துவர்கள் வியந்தனர். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள்!

குணமாக்கியது கட்டிலல்ல, மருந்து. அதுவும் எப்படிப்பட்ட மருந்து? ஒழுங்காக, நாள் தவறாமல் உள்ளே போன மருந்து. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்றார்கள், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சந்தேகப் பிராணிகள் என்று அவர்களைச் சிலர் ஏசியுமிருக்கலாம். ஆனால் மனித மனத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். இருமல் நின்றதும், எடை கூடியதும், "இனி எதற்கு?" என்று மாத்திரைப் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டுவிடும் மனம் அது!

இரண்டாம் முறை, எய்ட்ஸ். உற்றார் ஒதுக்கினர், ஊரார் ஒதுக்கினர். எந்தக் கதவும் திறக்காதபோது தாம்பரத்துக் கதவு திறந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு கூட்டு மருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 8 மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்து கிருமியை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நாள்தோறும் உண்டால், இரத்தத்தில் கிருமியைக் காணவே முடியாத அளவுக்கு அடங்கிவிடும். 'காணவில்லை' என்று தாள் சொல்லும். காணவில்லையே என்று நிறுத்தினால்? அடங்கியிருந்தது எழும். இதைத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரனையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "அறிக்கை நன்றாக வந்துவிட்டது, மருந்தை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்!

காசமாவது இருமியது. இரத்தம் கக்கிக் காட்டியது. இரத்தத்தில் மிகும் கொழுப்போ இருமாது, கனைக்காது, காய்ச்சலாக் காயாது. வலி இல்லை, வாட்டம் இல்லை. தெருவில் நடக்கிறவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொந்தியை வைத்தும் கணக்கிட முடியாது. ஒல்லியானவருக்கும் உண்டு. "நான் சுத்த சைவம், எனக்கேது கொலஸ்ட்ரால்?" என்பாருக்கும் உண்டு! சைவம், அசைவம் என்ற பேதமெல்லாம் நமக்குத்தான். நம் கல்லீரலுக்கு இல்லை. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே உற்பத்தி செய்கிறது.

உற்பத்தி செய்வது குற்றமல்ல. கொலஸ்ட்ரால் இல்லாமல் உயிரணுவுக்குச் சுவரில்லை, சில ஹார்மோன்களுக்கு மூலப்பொருளில்லை, செரிமானத்துக்குப் பித்தநீரில்லை. தேவையான பொருள்தான். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பொருள் தண்ணீர் போன்ற இரத்தத்தில் தானாகக் கரையாது. ஆகவே வண்டியேற்றி அனுப்பவேண்டியிருக்கிறது. எல்.டி.எல். என்பது ஒரு வகை வண்டி. ஊருக்குத் தேவையான அளவுக்கு வண்டிகள் ஓடினால் தொல்லையில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பண்டிகைக்கு முன்தினம் மாலையில் பார்த்திருக்கிறீர்களே, அப்படி வண்டிகள் பெருத்துவிட்டால்? இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் அவை நுழைகின்றன. நுழைந்தவை தங்குகின்றன. தங்கியவை கெடுகின்றன. அப்புறப்படுத்த வந்த வெள்ளையணுக்கள் கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து சுவருக்குள் ஒரு திட்டு. ஒரு நாள் அந்தத் திட்டு வெடிக்கிறது. வெடித்த புண்மீது இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி குழாயை அடைக்கிறது. இதயத்துக் குழாயானால் மாரடைப்பு. மூளைக் குழாயானால் பக்கவாதம். இருபது ஆண்டுகள் ஓசையின்றி நடந்த வேலை, இருபது நிமிடத்தில் ஒரு வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது!

யாருக்கோ எங்கேயோ நடப்பதல்ல இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இந்தியாப்' ஆய்வு 2014இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்டு, சண்டிகார் ஆகிய நான்கு பகுதிகளை ஒப்பிட்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தோர் விகிதத்தில் எது முதலிடம்? தமிழ்நாடு! நூற்றுக்கு 18 பேருக்கு மேல். எத்தனையோ துறைகளில் முதலிடம் பெற்று மார்தட்டுகிறோம். இந்த முதலிடத்துக்கு மார்தட்ட முடியாது, மாரைப் பிடித்துக்கொள்ளத்தான் நேரும். இன்னொன்றும் கேளுங்கள். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வைப் பகுத்துப் பார்த்து 2007இல் சொன்னார்கள்: தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் இடைப்பட்ட வயது 53, மற்ற நாட்டாருக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முன்னதாக! மகள் திருமணத்துக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் வயது. வீட்டுக் கடனில் பாதிகூடத் தீராத வயது.

சரி, மாத்திரைக்கு வருவோம். மாத்திரை பிறந்த கதை அரிசியில் தொடங்குகிறது!

அகிரா எண்டோ. சப்பானில் அகிதா வட்டாரத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. தோக்கியோவில் ஒரு மருந்துக் குழுமத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்ததல்லவா? அதுபோல், கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளும் ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கக்கூடாதா என்று எண்ணினார். எண்ணியதோடு நின்றாரா? 6,000 வகைகளுக்குமேல் சோதித்தார். ஒன்று தோற்றது, நூறு தோற்றது, ஆயிரம் தோற்றது. கடைசியில் கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் கண்டெடுத்த பச்சைநீலப் பூஞ்சை கைகொடுத்தது. ஆண்டு 1973. நம் வீட்டு அரிசியில் பூசணம் பூத்தால் முறத்தைத் தட்டிக் கொட்டுகிறோம். அந்த உழவர் மகன் அதிலே உயிர் காக்கும் மருந்தைக் கண்டார்! ஸ்டாட்டின் எனும் மருந்துக் குலத்துக்கு அவர்தான் மூதாதை. அதே வழியில் இன்னொரு பூஞ்சையிலிருந்து அமெரிக்காவில் எடுக்கப்பட்ட லோவாஸ்டாட்டின் 1987இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று குலம் பெருகிற்று. நோபல் பரிசு அவரைத் தேடி வரவேயில்லை. 2024 சூன் மாதம், 90ஆம் வயதில் மறைந்தார்.

நோபல் பரிசு வேறு இருவருக்குப் போனது. அவர்கள் கண்டுபிடித்ததும் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் என்ற அந்த அமெரிக்க மருத்துவர்கள் 1985இல் பரிசு பெற்றனர். கல்லீரல் அணுக்களின் மேற்புறத்தில் எல்.டி.எல். வண்டியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கைகள் இருக்கின்றன என்று காட்டினார்கள். எண் இறங்கிய பிறகும் மாத்திரை எதற்கு என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

ஸ்டாட்டின் போய்க் கொழுப்பைக் கரைப்பதில்லை. கழுவித் துடைப்பதுமில்லை. கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் செய்யும் பட்டறையில் முக்கியமான நொதி ஒன்று உண்டு. அதன் கையைக் கட்டுகிறது, அவ்வளவே. பட்டறை மந்தமாகிறது. கல்லீரலுக்கே கொலஸ்ட்ரால் பற்றாக்குறை. என்ன செய்யும்? வெளியே நீட்டும் கைகளைப் பெருக்குகிறது; இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். வண்டிகளைப் பிடித்துப் பிடித்து உள்ளே இழுக்கிறது. இரத்தத்தில் வண்டி குறைகிறது. 160 என்றிருந்தது 78 ஆகிறது.

மாத்திரையை நிறுத்தினால்? நொதியின் கட்டு அவிழ்கிறது. பட்டறை பழையபடி இரைகிறது. பற்றாக்குறை தீர்ந்த கல்லீரல் நீட்டிய கைகளை மடக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் எண் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேருகிறது. ஆக, அந்த 78 என்பது நோய் போய்விட்டது என்ற சான்றிதழ் அல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்ற செய்தி! பம்பு செட்டு ஓடுவதால் நிலவறையில் தண்ணீர் இல்லை. தண்ணீர்தான் இல்லையே என்று பம்பை நிறுத்துவோமா? மழைக்கால முடிச்சூர்க்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அடிக்க வருவார்கள்!

எண்ணைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா, அல்லது தாளில் அழகு பார்ப்பது மட்டும்தானா என்று மருத்துவர்களே சந்தேகப்பட்ட காலமும் இருந்தது. வடக்கு ஐரோப்பிய நாடுகளில் ஏற்கெனவே இதய நோய் கண்ட 4,444 பேரை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்குச் சிம்வாஸ்டாட்டின். மறு கூறுக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்குமேல் கவனித்து 1994இல் கணக்கை வைத்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேர் மாண்டிருந்தனர். மருந்து உண்டவர்களில் 182 பேர். வித்தியாசம் 74 உயிர்! அதன்பின் எத்தனையோ ஆய்வுகள் வந்தன. அனைத்தையும் திரட்டிப் பார்த்தபோது, எல்.டி.எல். ஏறத்தாழ 39 புள்ளி குறையும்போதெல்லாம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. ஆண்டுகள் கூடக் கூட நன்மையும் கூடுகிறது. இடையில் விட்டவருக்கு அந்த நன்மையும் இடையில் நின்றுவிடுகிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர் தாமாக நிறுத்துவது எல்லாவற்றிலும் கொடிது.

"கேட்டால் சொல்லுகிறீர், மாத்திரையால் கை கால் வலிக்கிறதே, கல்லீரல் கெடுமாமே, சர்க்கரை வருமாமே?" என்று ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். மழுப்பக்கூடாது.

தசைவலி சிலருக்கு வருவது உண்மை. மிக அரிதாக, தசை கடுமையாகச் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கும். அப்போது மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவருக்கு இரத்தச் சர்க்கரை சற்று ஏறலாம். ஆனால் அவருக்கே இதயத்தைக் காக்கும் தேவை மிகுதி என்பதால், தராசில் நன்மைத் தட்டுத்தான் தாழ்கிறது. கல்லீரலுக்குக் கேடு நேர்வது அபூர்வம். கருவுற்ற பெண்களும், கருத்தரிக்க எண்ணுவோரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். காசநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து உண்பவர்கள் அதையும் சொல்லவேண்டும். சில மருந்துகள் ஒன்றோடொன்று மோதும்.

இவ்வளவும் மெய். ஆனால், இலண்டனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வையும் கேளுங்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்று ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேர். அவர்களுக்குச் சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. எது எப்போது என்று தெரியாமல் மாத்திரையை உண்டு, வலியை நாள்தோறும் குறித்து வந்தார்கள். விளைவு? மருந்தில் கண்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரையிலும் இருந்தது! வலி பொய்யல்ல, வலித்தது மெய். ஆனால் வலிக்கக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல, மருந்தைப் பற்றிய அச்சம். இதைக் கண்ணால் கண்டபின் அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மருந்து உண்ணத் தொடங்கினார்கள். வலித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் போன்ற வேறு மருந்து இருக்கிறது, ஆண்டுக்கு இரு முறை மட்டும் போடும் விலையுயர்ந்த ஊசிகூட வந்துவிட்டது. மருத்துவரிடம் வாதாடுங்கள், மருந்தோடு ஒத்துழையாமை வேண்டாம்.

அச்சத்தை விற்பவன் ஒருவன் என்றால், ஆசையை விற்பவன் இன்னொருவன். கைப்பேசியில் வலம் வருகிறதே ஒரு 'அமுதம்': பூண்டுச்சாறு, இஞ்சிச்சாறு, எலுமிச்சை, வினிகர், தேன், எல்லாம் சேர்த்துக் காய்ச்சி ஒரு மண்டலம் குடித்தால் அடைப்பெல்லாம் கரைந்துவிடுமாம்! வடிகால் அடைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள் போலும்! சுவருக்குள் புதைந்த திட்டை வாய் வழியே போகும் சாறு எப்படிக் கரைக்கும் என்று கேட்க ஆளில்லை. பூண்டு குழம்புக்கு நல்லது. குழம்பில் போடுங்கள். எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கூடுதல் விலை வாங்குகிறானே, அவனும் இந்த இனத்தவன்தான். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் குறிப்பிடத்தக்க கொலஸ்ட்ரால் கிடையாது. நல்லெண்ணெயிலும் இல்லை, கடலை எண்ணெயிலும் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்லவும் காசு!

உணவில் பார்க்கவேண்டியது வேறு. வனஸ்பதியில் பிசைந்த புரோட்டா, நெய்யும் டால்டாவும் ஊறிய அடுமனைப் பண்டம், காய்ச்சிய எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பொரித்த பஜ்ஜி, இவைதாம் எல்.டி.எல். எண்ணை ஏற்றுபவை. மாற்றுக் கொழுப்பு எனப்படும் நச்சு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் நாட்டில் சட்டமே இருக்கிறது. நடை, காய்கறி, பயறு, புகையை விடுதல் எல்லாம் வேண்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் உணவுக் கட்டுப்பாடு மட்டும் எண்ணைப் பெரும்பாலும் கொஞ்சமே இறக்கும். மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், 40 வயது கடந்த சர்க்கரை நோயாளி, எல்.டி.எல். 190ஐத் தொட்டவர், இவர்களுக்குக் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மற்றவர்களுக்கு வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மருத்துவர் முடிவு சொல்வார். 190 என்று வந்தால் இன்னொரு வேலையும் உண்டு. பிரவுனும் கோல்டுஸ்டீனும் ஆராய்ந்தார்களே, அந்தக் கைகள் பிறவியிலேயே குறைபட்ட குடும்பங்கள் இருக்கின்றன. சுமார் 250 அல்லது 300 பேருக்கு ஒருவர். உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் கட்டாயம் சோதிக்கவேண்டும்.

விலை ஒரு காலத்தில் தடையாக இருந்தது. அடோர்வாஸ்டாட்டின் ஒரு குழுமத்தின் தனியுரிமையாக இருந்தபோது, ஓராண்டில் 1,000 கோடி டாலருக்குமேல் அள்ளித் தந்தது. 2011இல் அமெரிக்காவில் அந்த உரிமை முடிந்தது. இங்கே பொதுப்பெயரில் வாங்கினால் ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு தேநீர் விலைகூட ஆகாது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் முதல்வர் மருந்தகங்கள் 1,000 திறக்கப்பட்டதும், அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைப்பதும் ஏழைக்கு இருந்த சாக்கையும் போக்கின.

2023இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்றொரு திட்டம் கண்டது. நெஞ்சுவலியோடு ஓடி வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அங்கேயே தரவேண்டிய 14 மாத்திரைகள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, மிச்சம் எட்டும் என்ன? அடோர்வாஸ்டாட்டின்! எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நாளுக்கு ஒன்றாய் உண்ண மறுத்த அதே மாத்திரையை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் நள்ளிரவில் எட்டாய் விழுங்கவேண்டியிருக்கிறது!

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் வீட்டு வாசலுக்கே பெண் ஊழியர்கள் வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்தார்கள். மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1959இல் சேத்துப்பட்டு சொன்னதன் வாரிசு அது. மருந்து வீட்டுக்கு வரவேண்டும், ஒழுங்காக உள்ளே போகவேண்டும். ஆனால் வாசற்படியில் நின்று விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதுபோல் கொழுப்பின் வகைகளைப் பிரித்துப் பார்த்துவிட முடிவதில்லை. அதற்கு இரத்தம் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இருப்பதுபோல் கொழுப்புக்கும் ஒரு பட்டியல், ஒரு நினைவூட்டல், மாத்திரை தீருமுன் ஒரு விசாரிப்பு வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்லதைச் செய்த கையிடம்தான் மேலும் நல்லதைக் கேட்கமுடியும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ, அருகிலிருக்கும் சுகாதார நிலையமோ, எதுவானாலும் சரி, போய் மருத்துவரிடம் கேளுங்கள்: "என் எல்.டி.எல். எவ்வளவு? எவ்வளவு இருக்கவேண்டும்?" இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வகுத்த நெறியில், ஆபத்துக் குறைந்தவருக்கு 100க்குக் கீழ், ஆபத்து மிகுந்தவருக்கு 70க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்புக் கண்டவர் போன்றோருக்கு 55க்குக் கீழ் என்று எல்லை சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை தொடங்கினால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை சோதித்துப் பார்ப்பார்கள். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் இரவில்தான் உண்ணவேண்டும் என்பதில்லை. காலை இரயிலுக்கு ஓடுமுன் பல் துலக்கியதும் போட்டுக்கொள்ளலாம். மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்!

வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கவேண்டுமே, வேலைக்கு நேரமாகுமே என்ற தயக்கமும் வேண்டாம். முதற்சோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று அதே நெறி சொல்கிறது. இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு மிக அதிகமாக வந்தால் மட்டும், இன்னொரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்.